ஓம்புயிரின் பெயர்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அலங்கார மீன் விற்கும் முனீர், அரசாங்கப் பதிவேட்டில் மீன் இனத்தோடு சேர்க்கப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு. அதற்குத் தேவைப்பட்டது ஒரு பால்பாயிண்ட் பேனா. அதுவும் அவனுடைய பேனாதான்.

முனீர் அப்படியொன்றும் அசட்டு ஆள் இல்லை. கொளத்தூரில் மீன் எடுத்து, அஸ்தினாபுரத்து வீட்டின் பின்பக்கம் எட்டுத் தொட்டிகளில் பத்து நாள் வைத்துப் பார்த்த பிறகுதான் சந்தைக்குக் கொண்டுவருவான். வெள்ளைப் புள்ளி விழுந்த மோலி மீனுக்கு எவ்வளவு கல்லுப்பு, எவ்வளவு நேரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். நல்ல தண்ணீரில் ஒட்டிய பூச்சிக்கு உப்பு ஆகாது, கடலில் ஒட்டிய பூச்சிக்கு நல்ல தண்ணீர் ஆகாது, தண்ணீரை மாற்றினால் பூச்சி விழும் என்பது அவன் தொழிலின் பாலபாடம். அவனுக்குத் தெரியாமல் போனது தமிழில் ஒரே ஒரு சொல். அந்தச் சொல் அவனைப் படுத்திய பாடு பகையாளிக்கும் வரக் கூடாது.

அன்று சந்தைக்கு வந்தவர் பெயர் ஜீவானந்தம். கள ஆய்வாளர். கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘நன்னீர் மற்றும் உவர்நீர் மீன் ஒட்டுண்ணி ஆய்வு, கண்காணிப்பு, ஒழிப்பு நடுவம், தாம்பரம்’ என்று எழுதியிருந்தது. எழுத்துக்கே இடம் போய்விட்டதால் படத்தில் அவருடைய ஒரு காது வெட்டுப்பட்டிருந்தது. அந்தப் பெயரை யாரும் முழுதாகச் சொன்னதில்லை. புழு ஆபீஸ் என்றால் ஆட்டோக்காரர்கள் சரியாகக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள்.

ஜீவானந்தம் தொட்டியைக் குனிந்து பார்த்தார். தனியாக ஒரு டப்பாவில் விடப்பட்டிருந்த கோல்டு ஃபிஷ்ஷின் வாலடியில் நூல் துண்டு போல ஒரு புழு தொங்கிக்கொண்டிருந்தது.

“பாய், இது நங்கூரப் புழு. பதிவு பண்ணணும்.”

“தெரியும் சார். அதான் தனியா வெச்சிருக்கேன். சாயங்காலம் எடுத்துடுவேன்.”

“எடுக்கிறது உங்க வேலை. பதியறது எங்க வேலை” என்று ஒரு படிவத்தை நீட்டினார். அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. “நீங்களே எழுதிடுங்க பாய். மூணாவது கட்டத்தை மட்டும் விட்டுடுங்க, அது லேப்ல போடுவாங்க” என்று சொல்லிக்கொண்டே பழைய சாமான் விற்கிற பக்கம் நடந்தார்.

முதல் கட்டம், இடம். எழுதினான். இரண்டாவது, தண்ணீரின் வகை. போர் தண்ணீர் என்று எழுதினான். மூன்றாவது, ஒட்டுண்ணியின் பெயர். விட்டுவிட்டான். நான்காவது கட்டத்தில் ‘ஓம்புயிரின் பெயர்’ என்று போட்டிருந்தது. முனீர் பேனாவின் பின்பக்கத்தால் காதைச் சொறிந்தான்.

பக்கத்தில் ரோஜாத் தொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த அஞ்சம்மாளைக் கேட்டான். அஞ்சம்மாள் பதினாறு வருடமாக அவனுக்குப் பக்கத்துக் கடை. உலகத்தில் அவளுக்குத் தெரியாத விஷயம் இருப்பதாக அவள் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

“அக்கா, ஓம்புயிர்னா என்னாக்கா?”

“ஓம்புறதுன்னா சோறு போட்டு வெச்சிக்கிறது பாய். விருந்தோம்பல்னு இஸ்கூல்ல படிக்கல? இந்த மீனுக்கெல்லாம் சோறு போட்றது ஆரு? நீதானே? உம் பேரப் போடு. இதுக்குப் போய் இன்னாத்துக்கு பேஜாரு?”

யோசித்துப் பார்த்தால் அஞ்சம்மாள் சொன்ன அர்த்தத்தில் பெரிய பிழை எதுவும் இல்லை. யாருக்குச் சோறு என்பதில்தான் கொஞ்சம் இடறிவிட்டது.

ஓம்புயிரின் பெயர்: கா. முனீர். வயது: 46. எடை: 71 கிலோ. முன்பு வாழ்ந்த நீர்நிலை: இதற்கும் கொஞ்சம் யோசித்தான். சொந்த ஊரைத்தான் கேட்கிறார்கள் என்று முடிவு செய்து, ‘காயல்பட்டினம், கடலோரம்’ என்று எழுதினான். தற்போதைய நிலை என்ற இடத்தில் ‘உயிருடன்’, ‘இறந்தது’ என்று இரண்டு இருந்தன. உயிருடன் என்பதில் டிக் அடித்தான். ஜீவானந்தம் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்து, படிவத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு, ‘சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரையும் குத்தினார்.

சாயங்காலம் முனீர் இடுக்கியால் புழுவை எடுத்து, புண்ணுக்கு மருந்து வைத்தான். இரண்டு வாரத்தில் கோல்டு ஃபிஷ் ஆறி, குரோம்பேட்டையில் ஒரு நல்ல வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த விவகாரத்தில் சேதமில்லாமல் வெளியே வந்தது அது ஒன்றுதான்.

பத்தாம் நாள் முனீரின் போனுக்குச் செய்தி வந்தது. ‘ஓம்புயிர் எண் 4471. தங்களிடம் ஒட்டுண்ணி உறுதி செய்யப்பட்டுள்ளது. மறு உத்தரவு வரும்வரை தண்ணீர் மாறக் கூடாது.’ தொட்டித் தண்ணீரைச் சொல்கிறார்கள் என்று நினைத்து, முனீர் மூன்று நாள் எட்டுத் தொட்டியிலும் தண்ணீர் மாற்றாமல் இருந்தான். நாற்றம் தெருமுனை வரை போயிற்று. நான்காம் நாள் அவன் மனைவி ஹஃபீசா, “போய் என்னன்னு கேட்டுட்டு வாங்க. இல்லைன்னா நான் மீனையெல்லாம் குழம்பு வெச்சிடுவேன்” என்றாள்.

புழு ஆபீஸ் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டிடம். பதிவேற்றப் பிரிவு என்ற பலகைக்கு அடியில் ஞானஜோதி என்ற பெண் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். எண்ணைத் தட்டிப் பார்த்தவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு இரண்டாவது தடவை படித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“அண்ணா, ஓம்புயிர்னா ஒட்டுண்ணி எதும்மேல ஒட்டியிருக்கோ அந்த உயிர். மீனு. நீங்க உங்க பேரை எழுதியிருக்கீங்க.”

“அய்யோ! அப்ப அதை அடிச்சிட்டு கோல்டு ஃபிஷ்னு போட்டுடுங்க மேடம்.”

“பதிவேற்றம் ஆயிடுச்சுண்ணா.”

ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்து டாக்டர் சொல்வதைப் போல அதைச் சொன்னாள். நிரம்பிய கட்டத்தைத் திறக்க யாராலும் முடியாதாம், நிரம்பாத கட்டத்தை நிரப்பத்தான் முடியுமாம். அவள் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். “விஷயம் இயக்குநர் வரைக்கும் போயிடுச்சு. அவரு ரொம்ப சந்தோஷமா இருக்காரு.”

இயக்குநர் முனைவர் சத்தியநாதன் சந்தோஷமாக இருந்தால் அந்தக் கட்டிடத்தில் மற்ற எல்லாரும் ஒதுங்கி நிற்பார்கள். அவர் அறைக்குப் போகும் வழியில் ‘முனைவர் சத்தியநாதன் நுண்ணோக்கி அறை’, ‘முனைவர் சத்தியநாதன் கருத்தரங்கக் கூடம்’ என்று பலகைகள் இருந்தன. குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலேகூட அவர் பெயர் இருந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை.

ஜீவானந்தம் முனீரின் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். படிவத்தைப் படிக்காமல் முத்திரை குத்தியது வெளியே தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்று அவருக்குத் தெரியும். “பாய், வாயைத் திறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்” என்று காதோரம் சொன்னார்.

இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார். முனீரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். செவுளைத் தேடுகிறார் என்று முனீருக்குப் பிறகுதான் புரிந்தது.

“கடலிலிருந்து வந்திருக்கிறது. நன்னீருக்குப் பழகியிருக்கிறது. மீனை விட்டு மனிதனுக்குத் தாவியிருக்கிறது!” என்றார். “ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனிதனைக் கடித்தது என்பார்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் இன்றுவரை இல்லை. இனி உண்டு. கட்டுரையை அனுப்பியாகிவிட்டது.”

“சார், நான் மனுசன் சார். எனக்கு ஒண்ணுமே இல்ல. எழுத்துல தப்பு...”

இயக்குநர் ஜீவானந்தத்தின் பக்கம் திரும்பினார். “ஓம்புயிர் என்ன சொல்கிறது?”

“மகிழ்ச்சி தெரிவிக்கிறது சார்” என்றார் ஜீவானந்தம்.

அலமாரியில் ஒரு கண்ணாடிச் சாடி இருந்தது. இயக்குநர் அதை எடுத்து முனீரின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். மருந்துத் தண்ணீரில் வாயைப் பிளந்தபடி ஒரு கடல் மீன் மிதந்தது. வாய்க்குள், நாக்கு இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு பூச்சி உட்கார்ந்து இரண்டு கறுப்புக் கண்களால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

“இதைப் பார். மீனின் நாக்கைக் கவ்வி ரத்தத்தை உறிஞ்சும். நாக்கு சுருங்கிப் போனதும் அந்த இடத்தில் இதுவே உட்கார்ந்துகொள்ளும். அதன்பின் இதுதான் நாக்கு. மீனுக்கு வித்தியாசமே தெரியாது, இதை வைத்துக்கொண்டே சாப்பிடும். புகார் இல்லை, போராட்டம் இல்லை. நிர்வாகம் என்றால் இப்படி இருக்க வேண்டும்” என்றார்.

முனீர் பார்வையை விலக்கப் பார்த்தான். முடியவில்லை. தன் நாக்கை மேலண்ணத்தில் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

மறுநாளே சோதனைகள் தொடங்கின. மொட்டை மாடியில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம் இருந்தது. அதில் உப்புத் தண்ணீர் நிரப்பி முனீரைக் கழுத்துவரை உட்காரவைத்தார்கள். நன்னீர் ஒட்டுண்ணியாக இருந்தால் அரை மணியில் உதிரும் என்பது விதி. எதுவும் உதிரவில்லை. அடுத்து நல்ல தண்ணீர். கடல் ஒட்டுண்ணியாக இருந்தால் இதில் உதிரும். இதிலும் எதுவும் உதிரவில்லை. இரண்டு தண்ணீரிலும் உதிராத ஒட்டுண்ணி உலகத்திலேயே இல்லை என்று மாடியில் ஒரே பரபரப்பு. ஒட்டுண்ணியே இல்லாவிட்டாலும் எதுவும் உதிராது என்று முனீர் டிரம்முக்குள்ளிருந்து சொல்லிப் பார்த்தான். குறிப்பேட்டில் இப்படி எழுதினார்கள்: ‘செவுள் அசைவு, நிமிடத்துக்கு: பூஜ்யம். ஓம்புயிர் ஒத்துழைக்கவில்லை. அடிக்கடி வாயைத் திறந்து மூடுகிறது.’

டிரம்மிலிருந்து வெளியே வந்து நடுங்கிக்கொண்டு நின்றவனை ஒருவர் டேப் வைத்து அளந்தார். ஐந்தடி ஆறங்குலம். தோள் அகலம் தனியாக. “துணி தைக்கவா சார்?” என்று கேட்டான். அளந்தவர் அளவை உரக்கச் சொன்னார். கீழே யாரோ அதைப் போனில் ஒரு கண்ணாடிக் கடைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அன்று அவன் வெளியே போகும்போது ஞானஜோதி படிக்கட்டில் காத்திருந்தாள். கையில் ஒரு தாள். அவள்தான் அதைத் தட்டச்சு செய்தவள்.

‘பொருள்: ஓம்புயிர் எண் 4471ஐப் பலியிட்டு, செவுள் மற்றும் உள்ளுறுப்புகளை ஆய்வு செய்து, மூன்றாம் கட்டத்தை நிரப்புதல். நாள்: புதன்கிழமை. நேரம்: காலை 10 மணி. தேநீர் ஏற்பாடு செய்யவும்.’

முனீர் தாளை வாங்கிப் படித்தான். படியிலேயே உட்கார்ந்துவிட்டான். “இது... சும்மா எழுதறதுதானே மேடம்? நெசமா செய்ய மாட்டாங்கல்ல?”

“எல்லா மீனுக்கும் எழுதற கடிதம்தாண்ணா. இதுவரைக்கும் எழுதினது எதையும் செய்யாம விட்டதில்ல. இதுவரைக்கும் வந்தது எல்லாம் மீனு, அவ்வளவுதான்” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. “மூணாவது கட்டம் காலியா இருக்கு பாருங்க. ஒட்டுண்ணி பேரு. அதை நிரப்பினாத்தான் கோப்பு மூடும். அதுக்குத்தான் உங்களை அறுக்கணுங்கறாங்க. வேற யாராவது, வேற எப்படியாவது அதை நிரப்பிட்டா...”

வீட்டில் ஹஃபீசா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அழவில்லை. புர்காவை மாட்டிக்கொண்டு அவனையும் இழுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்தவர் நிதானமாகப் படித்து, நடந்ததையும் கேட்டுவிட்டு, “நாலாவது கட்டத்துல இருக்கிறது உங்க கையெழுத்துதானா?” என்று கேட்டார். முனீர் ஆமாம் என்றான். “அப்புறம் என்ன? இது துறை சார்ந்த விஷயம்மா. நாங்க தலையிட முடியாது. புதன்கிழமை முடிஞ்சதும் ஏதாவது குறை இருந்தா அவரையே வந்து புகார் குடுக்கச் சொல்லுங்க” என்றார்.

“காயல்பட்டினம் போயிடலாங்க. இப்பவே, பஸ்ஸைப் பிடிச்சு” என்றாள் வாசலில்.

போக முடியாது, ஊர் மாறினால் தண்ணீர் மாறியதாகத்தான் கணக்கு. தண்ணீர் மாறிய ஓம்புயிரைக் கண்ட இடத்திலேயே அழிக்கலாம் என்று ஒன்பதாம் விதி சொல்கிறது. புழு ஆபீஸ்காரர்கள் அந்த விதியைச் சிவப்புத் தாளில் அச்சடித்து வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெள்ளிக்கிழமை அவன் சந்தைக்குப் போனாலும் ‘நீர் மாற்றம்’ ஆகுமாம். கடை போடவில்லை. அஞ்சம்மாள் மட்டும் போன் செய்தாள். “என்னாலதான் பாய் இது எல்லாம். பாவி, எனக்குத் தெரியலன்னு சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்?” என்று அழுதாள். பதினாறு வருடத்தில் அவள் அப்படி ஒப்புக்கொண்டது இதுவே முதல் தடவை. அதைக் கேட்டு முனீருக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது.

திங்கட்கிழமை ஞானஜோதி அஸ்தினாபுரத்துக்கே வந்தாள். பையிலிருந்து ஒரு கட்டுப் பழைய கடிதங்களை எடுத்து வைத்தாள். “அண்ணா, அங்க மனுசப் பேச்சு எடுபடாது. நீங்க என்ன சொன்னாலும் அவங்க காதுல மீனு வாயைத் திறக்கிற மாதிரிதான் இருக்கும். கோப்பு எப்படிப் பேசுமோ அப்படிப் பேசுங்க. அதை மட்டும்தான் அவங்க கேட்பாங்க.”

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும். முனீர் இரண்டு நாள் பகல் முழுதும் அந்தக் கடிதங்களோடு உட்கார்ந்தான். பார்வையில் காணும், மேற்படி, ஆவன செய்யும்படி, கனிவுடன், பரிசீலனை. ஹஃபீசா எதிரே உட்கார்ந்து இயக்குநர் மாதிரி கேள்வி கேட்டாள். அவன் தப்பாகச் சொன்னால் திரும்பவும் சொல்லவைத்தாள். செவ்வாய் சாயங்காலம் அவனுக்குச் சரளமாக வந்துவிட்டது. நாக்குக்கு அடியில் லேசாக ஒரு நமைச்சல் மட்டும் இருந்தது. அதிகம் பேசியதால் இருக்கும் என்று வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தான். நமைச்சல் அடங்கவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு முனைவர் சத்தியநாதன் கருத்தரங்கக் கூடத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. நடுவே ஒரு நீளமான எஃகு மேசை. அதன்மேல் ஒரு தட்டு. தட்டில் இருந்தவற்றை முனீர் ஒருமுறைதான் பார்த்தான், மறுமுறை பார்க்கத் தைரியம் வரவில்லை. மூலையில் ஐந்தடி ஆறங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு கண்ணாடித் தொட்டி புத்தம்புதிதாக நின்றது. அதன் அடியில் ‘4471’ என்று அட்டை ஒட்டியிருந்தார்கள். ஜீவானந்தம் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் முனீரின் கண்ணைப் பார்க்கவில்லை. ஒருவர் எல்லாருக்கும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டு வந்து, முனீரை மட்டும் தாண்டிப் போனார்.

இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

“நண்பர்களே, இந்த நடுவம் முதலில் இறால் திட்டத்தில் பிறந்தது. உவர்நீர். இறால் செத்தது, நாம் சாகவில்லை. ஏரிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு வந்தோம். நன்னீர். ஏரி வீட்டுமனையாயிற்று, நாம் சாகவில்லை. பிறகு கழிவுநீர்த் திட்டம். அதிலும் நம் மேனி வாடவில்லை. மூன்று ஆண்டுகள் எந்தத் திட்டமும் கிடைக்கவில்லை. அப்போதும் மேலே ஓடு கட்டிக்கொண்டு அடியில் அசையாமல் கிடந்தோம். புதுத் தண்ணீர் வந்ததும் ஓட்டை உடைத்துக்கொண்டு நீந்திப் போய் அடுத்த துறையில் ஒட்டிக்கொண்டோம். நாம் ஒட்டிய துறைகள் எத்தனையோ மெலிந்து போயின. நம்மில் ஒருவராவது மெலிந்ததுண்டா? ஓம்புயிரைக் கொல்லக் கூடாது, அது நமக்கே கேடு. அது உயிரோடு இருக்க வேண்டும், ஆனால் துள்ளக் கூடாது. இதுதான் என் முப்பதாண்டு ஆராய்ச்சியின் சாரம். இன்று ஆய்வுக்காக மட்டும் ஒரு விதிவிலக்கு.”

பலமாகக் கைதட்டினார்கள். ஜீவானந்தம் முனீரின் தோளைத் தொட்டு மேசையைக் காட்டினார்.

அல்லாவே என்று கத்தத்தான் முனீருக்கு வாய் வந்தது. கத்தினால் அது ‘வாயைத் திறந்து மூடுகிறது’ என்று குறிப்பேட்டில் ஏறும். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“பார்வையில் காணும் படிவத்தின் மூன்றாம் கட்டம் இதுநாள்வரை நிரப்பப்படாமல் நிலுவையில் உள்ளது என்பது மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது” என்றான்.

டீக் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன. இயக்குநர் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

“மேலும்?”

“மேலும், புதிய உயிரினம் ஒன்றைக் கண்டறியுமிடத்து, கண்டறிந்த பெருமகனாரின் பெயரை அதற்குச் சூட்டுவது உலகெங்கும் உள்ள நடைமுறை என்பதாலும், குழாய் முதலான இனங்களுக்கு இந்நடைமுறை இங்கு ஏற்கெனவே பின்பற்றப்பட்டு வருவதாலும், மேற்படி ஒட்டுண்ணிக்குத் தங்கள் திருப்பெயரைத் தாங்களே தங்கள் திருக்கரத்தால் கட்டத்தில் பதிந்து ஆவன செய்யுமாறு கனிவுடன் வேண்டப்படுகிறது.”

இயக்குநரின் முகம் மலர்ந்தது. “பார்த்தீர்களா? ஓம்புயிருக்கே தெரிகிறது!” என்றார். அறுத்துப் பார்த்த பிறகு பெயர் வைக்கலாமே என்று யாரோ முனகினார்கள். “பெயர் வைத்துவிட்டு அறுப்போம். எதை அறுக்கிறோம் என்று தெரிய வேண்டாமா?” என்று கணினியை நோக்கி நடந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் முப்பது வருடமாக வாயால் கெடாமல் இருந்துவிட்டு, அன்று விரலால் கெட்டது.

மூன்றாம் கட்டத்தில் சத்தியநாதன் என்று தட்டினார். முழுப்பெயரும் பதவியும் தேவை என்று திரை கேட்டது. ‘முனைவர் பெ. சத்தியநாதன், இயக்குநர்’ என்று பெருமையோடு தட்டி, தானே பொத்தானை அழுத்தினார்.

பெரிய திரையில் எல்லாருக்கும் தெரியும்படி எழுத்துகள் வந்தன. ஒட்டுண்ணி: முனைவர் பெ. சத்தியநாதன், இயக்குநர். ஓம்புயிர்: கா. முனீர். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஓர் உத்தரவு. ஞானஜோதி எழுந்து நின்று தெளிவான குரலில் அதை வாசித்தாள்.

“ஒட்டுண்ணி அடையாளம் காணப்பட்டது. ஓம்புயிரைப் பலியிடத் தேவையில்லை. ஒட்டுண்ணியை உடனடியாக அகற்றித் தண்ணீர் மாற்றவும்.”

“என்ன உளறல் இது? அழி, அழி அதை!” என்றார் இயக்குநர்.

“பதிவேற்றம் ஆயிடுச்சு சார்” என்றாள் ஞானஜோதி.

இயக்குநர் ஜீவானந்தத்தைப் பார்த்தார். ஜீவானந்தம் ஏற்கெனவே கையுறையோடு இருந்தார். அவர் விதிகளை மதிப்பவர். “ஒட்டுண்ணி என்ன சொல்லுது?” என்று யாரோ பின்வரிசையில் கேட்க, “மகிழ்ச்சி தெரிவிக்கிறது” என்று சொல்லிவிட்டு, இரண்டு பேர் துணையோடு இயக்குநரை மொட்டை மாடிக்கு, நீல டிரம் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். மாடியிலிருந்து கொஞ்ச நேரம் தண்ணீர் சத்தம் கேட்டது. மாலைக்குள் அவரை ஒரு கடலோரப் பிரிவுக்கு மாற்றி உத்தரவு வந்துவிட்டது. உப்புத் தண்ணீரில் அவர் நன்றாகவே ஒட்டிக்கொண்டார் என்று பின்னால் கேள்விப்பட்டார்கள்.

மிச்சமிருந்தவர்கள் டீயைக் குடித்து முடித்தார்கள். முனீரைப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. போகக் கூடாது என்றும் சொல்லவில்லை. ஞானஜோதி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தான், தொண்டையில் எதுவோ இடறியது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடினான். தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரை மின்சார ரயிலில் நின்றபடியே வந்தான். உயிர் இருக்கிறதா என்று வழியெல்லாம் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஹஃபீசா வாசலிலேயே நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு கையாலும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “வந்துட்டீங்களா? உசுரோட வந்துட்டீங்களா?”

வந்துட்டேன் ஹஃபீசா, என்று சொல்ல வாயைத் திறந்தான்.

“தாங்கள் குறிப்பிட்ட விவரம் உண்மையென உறுதி செய்யப்படுகிறது.”

அவள் கண்ணீரோடு சிரித்துவிட்டாள். “போதும்ங்க விளையாட்டு. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. பசிக்குதா இல்லையா, அதைச் சொல்லுங்க.”

பசிக்குது என்றுதான் அவன் சொல்ல நினைத்தான். வயிறு காய்ந்து கிடந்தது.

“மேற்படி பொருள் பரிசீலனையில் உள்ளது.”

ஹஃபீசாவின் சிரிப்பு மெல்ல நின்றது. சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. முனீர் அவளை விலக்கிவிட்டு உள்ளே ஓடினான். வாஷ்பேசின் கண்ணாடிக்கு முன்னால் நின்று, இரண்டு விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்து, வாயை முடிந்த மட்டும் பிளந்தான். உள்ளே நாக்கு இருந்தது. சிவப்பாக, ஈரமாக, எப்போதும் போலவே இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, துளிக்கூட அசைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அது அசைந்தது.